நடுங்குவது நட்சத்திரமா?



மார்கழி பிறக்குமுன்பே நம் தெருக்களில் நட்சத்திரங்கள் ஏறிவிட்டன. மூங்கில் பிளாச்சைக் கட்டி வர்ணக் காகிதம் ஒட்டிய பழைய வகை இப்போது அருகிவிட்டது. கடையில் வாங்கிய நட்சத்திரத்துக்குள் அணைந்து அணைந்து எரியும் சீரியல் விளக்கை வைப்பதே வழக்கமாகியிருக்கிறது. ஏன் அணைந்து எரிய வேண்டும் என்று வாலிபர் கூட்டத்தில் கேட்டேன். "வானத்து நட்சத்திரமும் அப்படித்தானே ஐயா மினுங்குது?" என்றாள் ஒரு பிள்ளை. நல்ல பதில். ஆனாலும் அந்தப் பதிலுக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வானத்து நட்சத்திரம் மெய்யாகவே அணைந்து அணைந்து எரிகிறதா?

இந்த நாட்களில் இரவு எட்டரை மணிக்குமேல் மொட்டை மாடிக்கு ஏறி, சிறுமலைப் பக்கமாகத் தென்கிழக்கு அடிவானத்தைப் பாருங்கள். வெண்மையும் நீலமுமாக ஒரு பெரிய நட்சத்திரம் எழும்பி வரும். வானியலார் அதைச் சிரியஸ் என்பார்கள். இரவு வானத்து விண்மீன்களில் மிகுந்த பிரகாசமுடையது அதுவே. அதற்குச் சற்று மேலே, நம் தமிழ் வேதாகமத்தின் யோபு புத்தகத்தில் பெயர் சொல்லப்பட்டிருக்கிற மிருகசீரிஷமும் அறுமீனும் நிற்கும். வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்நியப் பெயர்களை இடாமல், உழவனும் மேய்ப்பனும் அறிந்த பெயர்களையே அங்கே வைத்தது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. அது நிற்க. சிரியஸைக் கண்ணிமைக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். அது துடிக்கும், ஒரு கணம் சிவப்பாய், மறு கணம் பச்சையாய், பின்பு நீலமாய்ச் சிதறும். பயந்த பிள்ளை நடுங்குவதுபோல் நடுங்கும்.

அங்கே, அந்த நட்சத்திரத்தினிடத்தில், அப்படி எந்த நடுக்கமும் இல்லை. அதன் ஒளி நம்மிடம் வந்து சேர 8.6 ஆண்டுகள் ஆகின்றன. இன்றிரவு உங்கள் கண்ணில் படும் ஒளி புறப்பட்டபோது பிறந்த குழந்தை, இப்போது ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிக்கொண்டிருக்கும். அத்தனை ஆண்டுகளும் வெறுமையான வெளியில் அந்த ஒளி ஆடாமல் அசையாமல் வந்தது. பூமியைச் சூழ்ந்துள்ள காற்றுக்குள் நுழைந்து நம் கண்ணைத் தொடுவதற்கு அதற்கு எடுக்கும் நேரம், ஒரு நொடியை மூவாயிரம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. நாம் காணும் நடுக்கம் முழுவதும் அந்த ஒரு பங்கில் நேர்ந்ததே.

காற்று எப்படி இதைச் செய்கிறது? சித்திரை மாத நண்பகலில் கரூர் சாலையில் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தொலைவில் வருகிற லாரியின் உருவம் தார்ச்சாலைக்குமேல் நீரில் தெரிவதுபோல் நெளியும். சூடேறிய காற்று மெலிந்து மேலே எழும்புகிறது. குளிர்ந்த காற்று அடர்ந்து கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றோடொன்று உருண்டு புரளுகின்றன. அடர்ந்த காற்றில் ஒளி வளையும் அளவு வேறு, மெலிந்த காற்றில் வளையும் அளவு வேறு. அந்த வேறுபாடு மிகச் சிறியது. காற்றின் வெப்பம் ஒரு பாகை மாறினால் ஒளியை வளைக்கும் அதன் தன்மை பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே மாறும். ஆனால் ஒளிக்கதிர் வழிநெடுக இப்படிப்பட்ட எண்ணற்ற காற்றுச் சுருள்களைக் கடந்து வருகிறது. ஒரு சுருள் ஒளியைக் குவித்து நம் கண்ணில் சேர்க்கிறது. அடுத்தது அதை விலக்கிவிடுகிறது. ஒரு நொடிக்குள் பலமுறை இது நிகழ்வதால் நட்சத்திரம் கூடியும் குறைந்தும் தோன்றுகிறது. நிறங்கள் ஒவ்வொன்றும் சற்றே வெவ்வேறு அளவில் வளைவதால், சிவப்பு ஒரு கணமும் நீலம் மறு கணமும் முந்திக்கொள்கின்றன.

நம் ஊருக்கு இதில் தனிப் பங்கு உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த மலைக்கோட்டைப் பாறையைச் சூரியன் மறைந்தபின் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? வெகுநேரம் சுடும். வறண்ட செம்மண் நிலமும், கான்கிரீட் மாடிகளும், தகரக் கூரைகளும் அவ்வாறே தாங்கள் வாங்கிய சூட்டை இரவில் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அந்தக் காற்றின் ஊடாகத்தான் நாம் அண்ணாந்து பார்க்கிறோம்.

தலைக்கு நேர்மேலே நிற்கும் நட்சத்திரம் அவ்வளவாக நடுங்காது. அடிவானத்தில் நிற்பது மிகவும் நடுங்கும். தலைக்குமேலே காற்றின் கனம் ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 30 பாகை உயரத்தில் நிற்கும் விண்மீனின் ஒளி இரண்டு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். அடிவானத்தைத் தொட்டு நிற்பதற்கோ முப்பது மடங்குக்கும் மேல். ஒரே நட்சத்திரம், ஒரே ஒளி. நாம் பார்க்கும் கோணம் மட்டுமே மாறியிருக்கிறது.

இந்தக் காற்றின் தொல்லையை நன்கு அறிந்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார்கள். 1870களில் சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பின், மழை பொய்ப்பதற்கும் சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்று அறியும் வேட்கை எழுந்தது. அதன் விளைவாகக் கொடைக்கானல் மலையில் 1899-ல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து 2300 மீட்டருக்கும் மேலே அது நிற்கிறது. மலையேறினால் தூசியும் காற்றின் ஒரு பகுதியும் கீழே தங்கிவிடும் என்பதே அவ்வளவு உயரத்தை நாடியதற்குக் காரணம். அங்கேதான் ஜான் எவர்ஷெட் 1909-ல், சூரியப் புள்ளியின் ஓரங்களில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் இன்று அது எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. சூரியனையும் காற்று நடுங்கச் செய்யும். வெயில் ஏறித் தரை சூடாகுமுன் பார்ப்பதே தெளிவு. அதிகாலையில் தேவனைத் தேடின சங்கீதக்காரர்களின் வழக்கத்துக்கு வானியலாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

1960-ல் அந்த ஆய்வகத்தின் பொறுப்புக்கு வந்த வைணு பாப்பு, இரவு வானத்தை ஆராய வேறோர் இடம் தேடினார். கொடைக்கானலில் மேகமும் மூடுபனியும் அதிகம். தேடித் தேடி, ஜவ்வாது மலையில் காவலூர் என்ற இடத்தைக் கண்டடைந்தார். 1968-ல் அங்கே ஒரு சிறிய தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் பாப்பு 1982-லேயே மறைந்துவிட்டார். நேபோ மலையின்மேல் நின்ற மோசேயை நினைக்காமல் அந்த வரலாற்றை என்னால் வாசிக்க முடிவதில்லை. அந்தத் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மெய்யாகவே ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களும் உண்டு என்பதை மறைக்கலாகாது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய நம் நாட்டவரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் அப்படி ஒன்றைக் கண்டறிந்தார். ஆனால் அது கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும். நம் மாடியிலிருந்து ஒரு நொடிக்குள் நாம் காணும் மினுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது கோள்களுக்கு வருவோம். வியாழனையும் வெள்ளியையும் பாருங்கள். ஏற்றிவைத்த குத்துவிளக்குச் சுடர்போல் அமைதியாக நிற்கும். இதற்குக் காரணம் எளியது. நட்சத்திரம் எவ்வளவு பெரிதானாலும், அதன் தொலைவினால் நமக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வரும் மெல்லிய கதிரைக் காற்று தள்ளினால் முழு நட்சத்திரமும் ஆடியதாகத் தெரியும். கோள் நமக்கு மிகவும் அருகில் இருப்பதால் சிறிய வட்டமாய் நிற்கிறது. பல புள்ளிகள் சேர்ந்தது அது. ஒரு புள்ளியின் ஒளி குறைகிற கணத்தில் இன்னொன்றின் ஒளி கூடுகிறது. தனியாகப் பாடுகிறவரின் குரல் சற்றே கம்மினாலும் சபை முழுவதற்கும் தெரிந்துவிடும். எல்லாரும் சேர்ந்து கீர்த்தனை பாடும்போது யார் குரல் கம்மியது என்று யாருக்குத் தெரியும்?

இதை வைத்து, "நட்சத்திரத்தைப்போல் தடுமாறாதே, கோளைப்போல் நிலைத்திரு" என்று பிரசங்கிப்பது எளிது. நானே கேட்டிருக்கிறேன். அந்த உவமை எனக்கு உடன்பாடில்லை. காரணம் வேதத்திலேயே இருக்கிறது. யூதா தம் நிருபத்தில் கள்ளப் போதகரை, வழிதப்பி அலைகிற நட்சத்திரங்களுக்கு ஒப்பிடுகிறார் (யூதா 13). மூல கிரேக்கத்தில் அங்கே நிற்கும் சொல், அலைந்து திரிகிறவை என்று பொருள்படும் 'பிளானேட்டை'. கோள்களுக்கு அக்காலத்தார் வழங்கிய பெயரும் அதுவே. மற்ற விண்மீன்கள் தங்கள் அணிவகுப்பைவிட்டு விலகாதிருக்க, இவை மட்டும் இன்று ஒரு மண்டலத்திலும் சில மாதங்கள் கழித்து வேறொரு மண்டலத்திலும் திரிவதால் அந்தப் பெயர். சற்று யோசியுங்கள். பார்வைக்கு ஆடாமல் நிற்பவை, அலைகிறவை. அவற்றுக்குச் சொந்த ஒளியும் இல்லை. சூரியனிடம் வாங்கியதையே திருப்பிக் காட்டுகின்றன. பார்வைக்கு நடுங்குகிறவையோ, தங்கள் இடம்விட்டுப் பெயராமல், தங்களுக்குள்ளேயே எரிகிற ஒளியோடு நிற்பவை.

உடனே கோள்களையெல்லாம் பொல்லாதவை என்று தள்ளிவிட வேண்டாம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் தம்மை ஒப்பிட்டுச் சொல்லும் விடிவெள்ளியும் ஒரு கோளே. உவமையை அதன் எல்லைக்குமேல் இழுத்தால் அறுந்துபோகும். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நடுக்கத்தைப் பார்த்து ஒன்றின் உறுதியை அளக்காதீர்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வேதசாஸ்திரக் கல்லூரிப் பேராசிரியர் எவரும் அல்லர். நம் ஊருக்கு வெளியே இரும்புப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மனைவியை அடக்கம்பண்ணி சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியிருந்தார். பார்க்கப் போனபோது உலையின் முன் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ இருந்தவரைக்கும் ராத்திரி ரெண்டு பேரும் முழங்கால்ல நிப்போம் ஐயா. ஆண்டவர் பக்கத்துல இருக்காருன்னு தெரியும். இப்ப ஜெபம்பண்ண உக்காந்தா ஒரு நேரம் இருக்காரு, ஒரு நேரம் இல்ல. வர்றாரு, போறாரு. இதுல யாரை நம்பிக் கோயிலுக்கு வர்றது?" என்றார்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். உலையின் அனலுக்கு அப்பால் இருந்த சுவரும், அதில் மாட்டியிருந்த நாட்காட்டியும் நெளிந்துகொண்டிருந்தன. என் பார்வை அங்கே போனதை அவர் கவனித்தார். "என்ன பாக்குறீங்க?" என்றார். "சுவர் ஆடுது அண்ணே" என்றேன். அவர் முகத்தில் இலேசாகச் சிரிப்பு வந்தது. "சுவரா ஆடுது? நடுவுல இருக்கிற அனல்ல ஆடுது" என்றார். சொல்லிவிட்டு, தாம் சொன்னதைத் தாமே கேட்டவர்போல் அமைதியானார். நானும் அதற்குமேல் ஒன்றும் விளக்கவில்லை. அவருக்காக ஜெபித்துவிட்டு வந்தேன்.

அவருடைய துக்கம் பாவம் அன்று. விசுவாசக் குறைவும் அன்று. முப்பது நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த ஒருவரை மண்ணுக்குக் கொடுத்தவனுக்குள் அனல் இருக்காதா? அன்பு இருந்த இடத்தில்தான் அது இருக்கும். ஆகையால்தான் நட்சத்திரத்தை மறைக்கும் காற்றைச் சத்துரு என்று நான் சொல்லத் துணியவில்லை. காற்றே இல்லாத இடத்தில் நட்சத்திரம் நடுங்குவதில்லை என்பது உண்மை. நிலவில் காற்று மண்டலம் இல்லை. அங்கே பகலிலும் வானம் கறுப்பு, நட்சத்திரத்துக்குத் துடிப்பில்லை. அங்கே புல்லும் இல்லை, பறவையும் இல்லை. 1990-ல் பூமிக்குமேல் அனுப்பப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கி காற்றைக் கடந்து நிற்பதால் ஆடாத படங்களை எடுக்கிறது. அது இயந்திரம். நாமோ மூச்சுவிட வேண்டியவர்கள். ஆண்டவர் மண்ணான மனிதனின் நாசியில் ஊதியதும், நம் ஜெபத்தின் சொல்லைச் சுமப்பதும், நட்சத்திரத்தை நடுங்கவைப்பதும் ஒரே காற்று.

அந்த நடுக்கத்தையே ஆராய்ச்சியாக்கியவர்களும் உண்டு. உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில், பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப்பின் முயற்சியால் 1970-ல் ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையாகிய 11 பாகைக்குச் சமமாக அமைந்த இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். அதனால் அந்த நீண்ட கருவி பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்துக்கிடக்கிறது. நெடுந்தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களும் மினுங்கும். அவற்றை மினுங்கச் செய்வது நம் காற்றைவிட, சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். சூரியக் காற்று என்று அதற்குப் பெயர். முத்தொரையில் அந்த மினுக்கத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தக் காற்று எங்கே எவ்வளவு வேகமாக வீசுகிறது, சூரியனில் எழுந்த கொந்தளிப்பு பூமியை நோக்கி எப்படி நகர்கிறது என்று கணிக்கிறார்கள். மினுக்கம் இல்லாவிட்டால் அந்த அளவீடும் இல்லை.

1967-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதே மினுக்கத்தைப் பதிவுசெய்வதற்காகக் கட்டப்பட்ட கருவியில், ஜோஸலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி ஒழுங்குதவறாத ஒரு துடிப்பைக் கண்டார். குவேக்கர் குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். ஒரு நொடியும் அதன் மூன்றிலொரு பங்கும் கடந்தால் ஒரு துடிப்பு. முதல் பல்சார் அவ்வாறு வெளிப்பட்டது. பெரியதொரு காகிதச் சுருளில் மிகச் சிறிய இடமே பிடித்த கிறுக்கலை அலட்சியப்படுத்தாமல், இது என்ன என்று கேட்டவர் அவர் ஒருவரே. 1974-ல் அதற்கான நோபல் பரிசு அவருடைய ஆசிரியருக்குப் போயிற்று, அவருக்கு அல்ல. அவர் அதைக் குறித்துக் கசப்பு பாராட்டவில்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இப்போதைய பெரிய தொலைநோக்கிகள் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கின்றன. லேசர் கதிரை மேலே செலுத்தி, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள சோடியம் அணுக்களை ஒளிரச் செய்து, வானத்தில் ஒரு போலி நட்சத்திரத்தை உண்டாக்குகிறார்கள். அது எப்படி நடுங்குகிறது என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, அதற்கு எதிராக ஒரு மெல்லிய கண்ணாடியை வளைக்கிறார்கள். காற்று ஒளியை இப்பக்கம் வளைத்தால் கண்ணாடி அப்பக்கம் வளையும். மெய்யான நட்சத்திரம் அப்போது அமைதியாக நிற்கும்.

நம்மிடம் அந்தக் கண்ணாடி இல்லை. மொட்டை மாடி இருக்கிறது. இந்த வாரம் வானம் தெளிந்திருக்கும் ஓர் இரவில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேலே போங்கள். ஒன்பது மணிக்குச் சிறுமலைப் பக்கம் தாழ்ந்து நிற்கும் சிரியஸைக் காட்டி, எத்தனை நிறம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு, விழித்திருக்க முடிந்தால், பதினொன்றரை மணிக்கு இன்னொரு முறை ஏறிப் பாருங்கள். அதே நட்சத்திரம் உயர்ந்து வந்திருக்கும். சால்வை எடுத்துப்போக மறவாதீர்கள், பனி இறங்கும்.